எருமைக்கு மட்டும்

எங்கள் வீட்டில் யாரும் குரலைப் பதிவு செய்து அனுப்பக் கூடாது. அண்ணன் போட்ட சட்டம் அது. "பேசி அனுப்பினா உள்ள எங்க என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? முதல்லேருந்து கடைசி வரைக்கும் உக்காந்து கேக்கணும். எழுத்தா அனுப்பு. எழுத்துன்னா தேடி எடுக்கலாம்" என்பான்.

அண்ணனுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் குரல் ஒன்று அவன் கணினியில் உண்டு. பக்கத்தைத் திறந்தால் போதும், தலைப்பு, இணைப்பு, பொத்தான், விளம்பரம் என்று ஒன்றையும் விடாமல் போட்டு உடைத்துவிடும். அம்மா அதற்கு ஓட்டவாய் என்று பெயர் வைத்திருந்தாள். அண்ணன் அதைத் தலைதெறிக்கிற வேகத்தில் ஓடவிட்டிருப்பான். வெளி ஆட்களுக்கு அது பேச்சாகவே கேட்காது, தகரத்தில் மழை பெய்வது மாதிரி இருக்கும். எங்கள் மூன்று பேருக்கும் புரியும். அப்பா இருந்தபோது நான்கு பேர்.

ஓட்டவாயோடு வளர்ந்ததில் வீட்டுப் பேச்சே மாறிப் போயிருந்தது. ஒரு விசையைத் தட்டினால் அது அடுத்த தலைப்புக்குத் தாவிவிடும். யாராவது கதையை இழுத்தால் அம்மா, "தலைப்புக்குத் தாவுங்க" என்பாள். ஒருமுறை பெரிய மாமாவிடமே அப்படிச் சொல்லிவிட்டாள். அவர் தன் தலையில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று தடவிப் பார்த்தார்.

இப்போது நான் வேறு தேசத்தில் ஒரு மருத்துவமனையின் சலவைக் கூடத்தில் இருக்கிறேன். ஈரமாக வரும் விரிப்புகளை இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்து உதறி, சுடுகிற உருளைகளுக்குள் விடவேண்டும். மறுபக்கம் ஒரு சுருக்கம் இல்லாமல் வெளியே வரும். கையுறைக்குள் நாள் முழுக்க வெந்து வெந்து விரல் நுனிகள் சுருங்கிப் போகின்றன. போன் திரை அவற்றை விரலாகவே மதிப்பதில்லை. அதனால் நான் பேசுவேன், போன் எழுதிக்கொள்ளும், அதை அங்கே அண்ணனுக்கு ஓட்டவாய் படிக்கும். போனுக்கு நிறுத்தக்குறி போடத் தெரியாது.

"உன் மெசேஜ் எல்லாம் மூச்சே விடாம ஓடுது. ஓட்டவாய்க்கே இரைக்குதும்மா" என்றான் அண்ணன்.

முன்பெல்லாம் என்னை வாலு என்பான். நான் கிளம்பி வந்த பிறகு எங்களுக்குள் எப்படியோ ஒரு மரியாதை புகுந்துவிட்டது. "சாப்பிட்டியாண்ணா?" "ஆச்சும்மா, நீ?" என்று விருந்துக்கு வந்தவர்கள் மாதிரி பேசிக்கொண்டோம். சண்டை போடப் பயமாக இருந்தது. அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு கோபித்தால் எப்படிச் சமாதானமாவது என்று தெரியவில்லை.

அந்தச் செய்தி மதிய இடைவேளையில் வந்தது. மடித்த விரிப்புகளை அடுக்கும் அறையில் சத்தம் குறைவு என்பதால் நான் போனோடு அங்கேதான் ஒதுங்குவேன். அண்ணன் எழுதியிருந்தான்: "அப்பா பதில் சொல்லுவாரே, அந்த சைட்டை இந்த மாசக் கடைசியோட மூடறாங்களாம்."

அப்பா கருகிய மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். வீட்டு முன்னறைதான் கடை. ஃபேன், தண்ணீர் மோட்டார், மாவு அரைக்கிற இயந்திரம் எல்லாம் வயிறு திறந்து கிடக்கும். வீட்டில் அவர் பேசுவது சொற்பம். "தண்ணி", "லைட்ட அணை", "அவன் வந்தாச்சா", இவ்வளவுதான். ஆனால் பழுது பார்க்கிறவர்கள் ஒருவரையொருவர் சந்தேகம் கேட்டுக்கொள்ளும் அந்தத் தளத்தில் அவர் பக்கம் பக்கமாகப் பேசினார். யாரோ முன்பின் தெரியாத ஆள், எங்கேயோ மோட்டார் சூடாகிறது என்று கேட்டால், அப்பாவுக்கு வாய் திறந்துகொள்ளும்.

அப்பா போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் பேச்சு என்று எங்களிடம் எதுவும் இல்லை. போனில் பேசவே அவருக்குப் பிடிக்காது. அம்மாவின் பழைய போனில் தவறுதலாகப் பதிவான ஒன்று மட்டும் மிஞ்சியது. "ஹலோ. யாரு? சத்தமா பேசுங்க. ஹலோ." அத்தோடு முடிந்தது. அம்மா அதைக் கேட்பதில்லை. "என்னைப் பாத்தே யாருன்னு கேக்கற மாதிரி இருக்கு" என்பாள்.

ஆகவே, அப்பா பேசியது என்று உலகத்தில் எங்காவது இருந்தால் அது அந்தத் தளத்தில்தான். மாதம் முடிவதற்குள் தேடி எடுக்கவேண்டும். எடுக்காவிட்டால் அதுவும் போய்விடும்.

"தேடிடலாம்ணா" என்று போனிடம் சொன்னேன். போன் அதை எழுதியது. என் குரல் நடுங்கியதை எழுதத் தெரியாமல் விட்டுவிட்டது.

தேடுவது அவ்வளவு சுலபமாக இல்லை. அப்பா அங்கே கணக்குத் தொடங்க மறுத்துவிட்டவர். நான் கடவுச்சொல் ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டபோது, "கடைக்கே பூட்டு இல்ல, இதுக்கு எதுக்கு?" என்றார். பேர் போடாதவர்கள் எல்லோருக்கும் அந்தத் தளம் 'விருந்தினர்' என்று ஒரே பெயரை வைத்தது. அப்படி ஆயிரக்கணக்கான விருந்தினர்கள். தளத்தின் சொந்தத் தேடல் பெட்டி எப்போதோ செத்துவிட்டது. பொதுத் தேடலில் போட்டால் அந்தப் பழைய பக்கங்கள் வரவே இல்லை. நடத்துகிறவருக்கு எழுதினோம், பதில் இல்லை. ஒவ்வொரு பக்கமாகத் திறந்து, அதற்குள் ஒரு சொல்லைக் கொடுத்துத் தேடுவதைத் தவிர வழி கிடையாது.

"என்ன சொல்லைத் தேடறது?" என்றேன்.

"இதென்ன கேள்வி. 'அதாவது பாருங்க'தான்."

அப்பா எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் அப்படித்தான் ஆரம்பிப்பார். அதாவது பாருங்க, இந்த மோட்டார் இருக்கு பாருங்க. எங்கள் தெருவில் பையன்கள் அதைச் சொல்லிக் காட்டுவார்கள்.

பாதியை நானும் பாதியை அவனும் பிரித்துக்கொண்டோம். நான் இடைவேளைகளில் போனில் பக்கத்தைத் திறந்து, தேடும் கட்டத்தில் அந்தச் சொற்களைப் பேசுவேன். அண்ணன் வேலை முடிந்து வந்து உட்காருவான். குடிநீர் வாரியத்தில் புகார் போன்களை எடுப்பது அவன் வேலை. நாள் முழுக்கத் தண்ணீர் வரவில்லை என்று திட்டு வாங்கிவிட்டு வந்து, இரண்டு மூன்று விசைகளைச் சேர்த்து அமுக்குவான். சின்னக் கட்டம் திறக்கும், சொல்லை அடிப்பான். இருந்தால் ஓட்டவாய் நேராக அந்த வரிக்குப் போய்ப் படிக்கும். இல்லாவிட்டால், "கிடைக்கவில்லை" என்று ஒரே வார்த்தை.

விடுமுறை நாட்களில் போனை இணைப்பிலேயே வைத்துக்கொண்டு தேடினோம். அந்தப் பக்கம் ஓட்டவாய் பேசுவதைக் கேட்டதும் எனக்கு வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. முன்னறையில் வார்னிஷ் வாசனை, அம்மா பாத்திரம் கழுவும் சத்தம், உள்ளறையில் பழைய ஃபேன் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை 'டொக்' என்று அடிப்பது. அது இன்னும் அடித்துக்கொண்டுதான் இருந்தது, போனில் கேட்டது. ஆனால் ஓட்டவாய் என்ன சொல்கிறது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

"கொஞ்சம் மெதுவா வையேன்ணா."

"எதை?"

"ஓட்டவாயை. ஓடிடுது. பிடிக்க முடியல."

"உனக்கேவா?" என்றான். பிறகு வேகத்தைக் குறைத்தான். அந்த வேகத்தில் அது வேறு யாரோ மாதிரி இருந்தது. எனக்கு அழுகை வரப் பார்த்தது. ஒரு வருஷத்தில் காது இவ்வளவு வெளியாளாகிவிடுமா? இன்னும் ஒரு வருஷம் போனால் வேறு என்னென்ன புரியாமல் போகும்?

"கிடைக்கவில்லை" என்றது ஓட்டவாய். அது மட்டும் தெளிவாகப் புரிந்தது.

நாலைந்து நாள் இப்படிப் போனபிறகுதான் எனக்கே உறைத்தது.

"அண்ணா, அந்த வார்த்தை அங்க இருக்காது."

"ஏன்?"

"நான்தானே டைப் பண்ணுவேன். நான் அதையெல்லாம் எழுத மாட்டேன்."

சாயங்காலங்களில் அப்பா கையைத் துணியில் துடைத்துக்கொண்டு முக்காலியில் வந்து உட்காருவார். எண்ணெய்க் கையால் விசைப்பலகையைத் தொடமாட்டார். அவர் சொல்லச் சொல்ல நான் அடிக்கவேண்டும். நான் அப்போது பள்ளியில் கட்டுரைப் போட்டிகளில் பரிசு வாங்கிக்கொண்டிருந்தவள். அப்பா பேசுவது பேசுகிற மாதிரியே போனால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? அவர், "அதாவது பாருங்க, முதல்ல காயிலு கருகிருச்சான்னு மோந்து பாருங்க, தெரிஞ்சிரும்" என்பார். நான், "முதற்கண் மின்கம்பிச் சுருள் கருகியுள்ளதா என முகர்ந்து அறிக" என்று அடிப்பேன். முடிந்ததும் அண்ணன் ஓட்டவாயை விட்டுப் படிக்க வைப்பான். அவன் அதை அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தான். அப்பா காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "யாரு இவரு? இவ்வளவு நல்லா பேசறாரு?" என்பார். கேலியா பாராட்டா என்று கடைசி வரை எங்களுக்குத் தெரியவில்லை. படம் எடுத்து ஏற்றுவதும் என் வேலைதான். "படத்தைப் போடு பாப்பா, பாத்தாத்தான் புரியும்" என்பார்.

போனில் அண்ணன் சிரித்தான். "அப்பவே நீ இஸ்திரிக்காரிதானா. அப்பாவை நல்லா தேச்சு மடிச்சு அனுப்பிட்டே."

பின்னால் அம்மா குரல். "என்னடா சொல்றா?"

"உம் பொண்ணு அப்பா பேச்சை எல்லாம் இஸ்திரி போட்டுட்டாளாம்மா. அதான் கிடைக்கல."

"அதெல்லாம் எனக்கு வேண்டாம். அந்த ஃபேன்காரிக்கு என்ன எழுதினாருன்னு மட்டும் பாரு."

ஃபேன்காரி அம்மாவின் பழைய குறை. யாரோ ஒரு பெண் ஃபேன் பற்றி ஏதோ கேட்டிருந்தாள். அதற்குப் பதில் சொல்லும்போது அப்பா சிரித்தாராம். அம்மா தண்ணீர் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றபோது அந்தச் சிரிப்பு மட்டும் கேட்டதாம். என்ன என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, ஃபேனு" என்றாராம். "என்கிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டாரு, அங்க மட்டும் சிரிப்பு" என்று அம்மா வருஷக்கணக்காகச் சொல்லிக் காட்டுவாள். அதை டைப் அடித்தவள் நான். ஆனால் எனக்குச் சுத்தமாக நினைவில்லை. எத்தனையோ பேருக்கு எத்தனையோ ஃபேன்.

அதன்பிறகு நாங்கள் என் பள்ளிக்கூடத் தமிழைத் தேடினோம். 'மின்கம்பிச் சுருள்' என்று கொடுத்தால் ஏராளமாகக் கிடைத்தது. அதுதான் தொல்லை. நான் ஒருத்தி மட்டும் அப்படி எழுதியிருக்கவில்லை. அந்தத் தளத்தில் பாதிப்பேர் மேடையில் ஏறின மாதிரிதான் எழுதியிருந்தார்கள். எல்லோரும் விருந்தினர். எல்லோரும் முகர்ந்து அறியச் சொன்னார்கள். படங்கள் இருந்த இடத்தில் எல்லாம் ஒரே மாதிரி சின்னச் சாம்பல் கட்டம். தளம் இடம் மாறினபோது படங்கள் அழிந்துவிட்டன போல.

"இது அப்பாவா பாருண்ணா" என்று ஒன்றைப் படித்துக் காட்டுவேன்.

"இல்லம்மா. அப்பா இப்படி ஆளைத் திட்ட மாட்டாரு."

"இது?"

"இருக்கலாம். தெரியல."

எங்கள் அப்பாவை யாரோ ஒரு விருந்தினரிடமிருந்து பிரித்தறிய எங்களுக்குத் தெரியவில்லை. உருளைக்கு முன்னால் நின்று விரிப்பை உதறும்போதெல்லாம் எனக்கு அதே நினைப்புதான். அவர் இப்படிச் சொல்வாரா, அப்படிச் சொல்வாரா? மனதுக்குள் அப்பாவைப் பேச வைத்துப் பார்ப்பேன். சில சமயம் அவர் குரல் வரும். சில சமயம் என் கட்டுரைத் தமிழ்தான் வரும். எதிர்முனை பிடித்திருந்தவள் என் முகத்தைப் பார்த்து, உடம்புக்கு முடியவில்லையா என்று சைகையில் கேட்டாள்.

மாதம் முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் ஒரு முடிவோடு கூப்பிட்டேன். தண்ணீர் மோட்டார் பற்றி ஒரு விருந்தினர் பொறுமையாக எழுதிய பதில் ஒன்று. படிக்க நன்றாக இருந்தது.

"இதை அப்பாதுன்னு வெச்சுக்கலாம்ணா."

"வெச்சுக்கலாமா? என்ன பேச்சு அது?"

"பெரும்பாலும் அவருதான். அம்மாகிட்ட படிச்சுக் காட்டு. சந்தோஷப்படுவாங்க."

"யாரோ ஒருத்தர் எழுதினதைப் படிச்சு அப்பான்னு சொல்லணுமா? அம்மா என்ன சின்னப் பிள்ளையா?"

"அப்ப ஒண்ணுமே இல்லாம போனா பரவாயில்லையா?"

"இல்லைன்னா இல்லன்னு இருக்கட்டும். நீ தூரத்துல இருக்க, உனக்கு ஏதாவது ஒண்ணைப் பிடிச்சு வெச்சுக்கணும். அதுக்காக..."

தூரத்தில் இருக்கிறாய் என்று அவன் சொன்னதுதான் தாங்கவில்லை. நான் என்ன உல்லாசப் பயணமா வந்திருக்கிறேன்? இத்தனை மாதமாகப் பொத்திப் பொத்திப் பேசியது எல்லாம் போயிற்று.

"டேய் எருமை, நான் சொல்றதை முழுசா கேளேன்டா" என்றேன்.

அந்தப் பக்கம் ஃபேன் மட்டும் அடித்தது. கோபித்துக்கொண்டு வைத்துவிடுவானோ என்று திரையைப் பார்த்தேன். இணைப்பு இருந்தது.

"அண்ணா?"

"என்ன சொன்ன?"

"சும்மா... கோவத்துல..."

"இல்ல. திருப்பிச் சொல்லு."

"எருமைன்னேன்."

"எவ்வளவு நாளாச்சு நீ அப்படிக் கூப்பிட்டு" என்றான். பிறகு அவன் குரல் மாறியது. "வாலு. படம் போடறப்போ கீழ ஒரு கட்டம் இருக்குமே, ஞாபகம் இருக்கா?"

"என்ன கட்டம்?"

"படத்துல என்ன இருக்குன்னு எழுதற கட்டம். முதல்ல நீ அதை நிரப்பாம விட்டுடுவ. ஓட்டவாய் அந்த ஃபைல் நம்பரை எல்லாம் ஒவ்வொண்ணா ஒப்பிக்கும். எனக்குப் பைத்தியம் பிடிக்கும். நான் கத்தினேன். அதுக்கப்புறம் எழுத ஆரம்பிச்ச. என்ன எழுதின?"

எனக்கு நினைவு வந்துவிட்டது. நான் தங்கியிருக்கும் அறைக்கு வெளியே நடைபாதைப் படியில் உட்கார்ந்திருந்தேன், எழுந்து நின்றுவிட்டேன்.

"ஐயோ" என்றேன்.

விசைகள் தடதடவென்று அடிபடும் சத்தம் கேட்டது. கட்டம் திறந்தது. அண்ணன் அந்த ஒரு சொல்லை அடித்தான்.

"கிடைக்கவில்லை."

அடுத்த பக்கம். "கிடைக்கவில்லை." அதற்கடுத்தது. அண்ணன் வேகத்தைப் பழையபடி கூட்டிவிட்டிருந்தான். நான் தடுக்கவில்லை. தகரத்தில் மழை. திடீரென்று அவன் விரல் நின்றது. ஒரு விசையைத் தட்டினான். ஓட்டவாய் நிதானமாகச் சொன்னது:

"படம். எருமைக்கு மட்டும். கருகின காயில். உன் மூஞ்சி மாதிரியே இருக்கிறது."

அண்ணன் சிரித்த சிரிப்பில் போன் கரகரத்தது. "என் மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. நான் தப்பிச்சேன்."

"பக்கத்தோட எண்ணைச் சொல்லு, நானும் பாக்கறேன்."

சொன்னான். அதே பக்கத்தைத் திறந்தேன். தேடும் கட்டத்தில், "எருமை" என்றேன். வழியில் போன ஒரு கிழவர் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. மேலிருந்து கீழே உருட்டினேன். அதே சாம்பல் கட்டம்தான் இருந்தது.

"இங்க இல்லையே. பொய் சொல்றியா?"

"படத்துக்கு அடியில ஒளிஞ்சிருக்கிற எழுத்து அது. எங்கள மாதிரி ஆளுங்களுக்கு மட்டும்தான் வரும்" என்றான் அண்ணன். "பாவம், கண்ணு இருக்கறவங்களுக்கு இதெல்லாம் தெரியாது."

எத்தனை தடவை அந்தச் சாம்பல் கட்டங்களைத் தாண்டிப் போயிருப்பேன். ஒவ்வொன்றுக்கும் அடியில் என் பள்ளிக்கூடக் காலத்துக் கோபம் உட்கார்ந்திருந்திருக்கிறது. நான் அந்தச் சொல்லை அடுத்தவர் படத்தில் எழுதியிருக்க முடியாது. எருமை இருக்கிற இடம் எல்லாம் அப்பா.

அதன்பிறகு மளமளவென்று வந்தது. எருமைக்கு மட்டும், ஓட்டை பம்பு. எருமைக்கு மட்டும், அப்பாவின் கட்டை விரலும் ஒரு திருகாணியும். எருமைக்கு மட்டும், இன்று என் பேனாவை எடுத்தது நீதான் என்று எனக்குத் தெரியும், மோட்டார். அண்ணன் ஒவ்வொரு பதிலையும் நகலெடுத்து வைத்துக்கொண்டே போனான். அம்மா நடுவில் வந்து நின்றுவிட்டாள் என்பது அவள் வளையல் சத்தத்தில் தெரிந்தது. பாத்திரம் கழுவுவது நின்றிருந்தது.

"படம். எருமைக்கு மட்டும். நம் வீட்டு ஃபேன். தூசி."

"நம்ம வீட்டு ஃபேனையா போட்டீங்க?" என்றாள் அம்மா. "யாருக்கு?"

அண்ணன் மேலே போய்க் கேள்வியைப் படிக்க வைத்தான். கேட்டவள் ஒரு பெண்தான். மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் தட்டுகிற சத்தம் வருகிறது, சரிசெய்ய வழி உண்டா என்று கேட்டிருந்தாள்.

"இவதான்" என்றாள் அம்மா.

அண்ணன் பதிலுக்கு இறங்கினான். எனக்காக வேகத்தைக் குறைத்தானா, அம்மாவுக்காகவா தெரியவில்லை, ஓட்டவாய் மெதுவாகப் படித்தது.

"மின்விசிறியின் தாங்கு உருளை தேய்ந்தால் இவ்வொலி எழும். அதனை மாற்றுவது எளிது. எமது இல்லத்திலும் மின்விசிறி இவ்வாறே ஒலிக்கிறது. ஆயினும் யாம் அதனைச் சரிசெய்யவில்லை. இல்லத்தரசிக்கு அவ்வொலி இன்றி உறக்கம் வாராது."

அம்மாவின் வளையல் சத்தம் போனுக்குக் கிட்டே வந்தது.

"யாருடி அது இல்லத்தரசி?" என்றாள் அம்மா.

"நீதாம்மா."

"அவரு அப்படியா சொன்னாரு?"

"நான் எழுதினது அப்படி. அவர் சொன்னது..."

"என்ன சொன்னாரு? அதைச் சொல்லு. இது யாரோ தாசில்தார் பேசற மாதிரி இருக்கு."

தேடி எடுத்தது கையில் இருந்தது. ஆனால் அது மடித்து அடுக்கிய விரிப்பு மாதிரி இருந்தது. அதில் படுத்த ஆளின் தடமே இல்லை. இனி அதை நான்தான் கலைக்கவேண்டும். வருமா? முக்காலியை நினைத்தேன். துணியில் கை துடைக்கிறதை நினைத்தேன். எண்ணெய் படாமல் இருக்க முழங்கையால் மூக்கைத் தேய்ப்பாரே, அதை நினைத்தேன். வாயைத் திறந்தேன்.

"அதாவது பாருங்க, அந்த டொக்கு டொக்குன்னு அடிக்குது பாருங்க, அது பேரிங்கு தேஞ்சிருச்சு. அரை மணி நேரம் கூட ஆகாது மாத்துறதுக்கு. அதாவது பாருங்க, எங்க வீட்டு ஃபேனும் இதே மாதிரிதான் கத்துது. நான் கைய வெக்கல. ஏன்னா எங்க வீட்டுக்காரிக்கு அது கத்தலைன்னா தூக்கம் வராது பாருங்க. நடுவுல கரண்டு போச்சுன்னா முதல்ல எந்திரிக்கிறது அவதான்."

கடைசி வரி அந்தப் பக்கத்தில் இல்லை. அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. நான் அடிக்காமல் விட்ட வரியாக இருக்கவேண்டும், ஏனென்றால் அதைச் சொல்லிவிட்டுத்தான் அவர் சிரித்தார்.

அம்மா மூக்கை உறிஞ்சினாள். "எனக்கா தூக்கம் வராது? அவருக்குத்தான் வராது. நான் எத்தனை தடவை மாத்துங்கன்னு சொன்னேன்." கொஞ்சம் பொறுத்து, "அந்த ஃபேன்காரிகிட்டப் போய் என்னைப் பத்தி எதுக்குச் சொல்லணும்" என்றாள். அதில் கோபம் இருந்த மாதிரித் தெரியவில்லை.

"வாலு" என்றான் அண்ணன். "இப்ப சொன்னியே, அதை அப்படியே போன்கிட்டச் சொல்லி எனக்கு அனுப்பு. ஒரு எழுத்துகூட இஸ்திரி போடாத."

இணைப்பைத் துண்டித்துவிட்டு மறுபடி படியில் உட்கார்ந்து, அப்பா மாதிரியே ஒருமுறை போனிடம் பேசினேன். அதற்கு அப்பாவையும் தெரியாது, ஃபேனையும் தெரியாது. சொன்னதை மூச்சு விடாமல் எழுதிக்கொண்டது. அனுப்பிவிட்டு மறுபடி கூப்பிட்டேன்.

"வந்துச்சா?"

"இரு."

விசைகளின் சத்தம். எங்கள் செய்திகள் எல்லாம் அடுக்கியிருக்கும் நீளமான பக்கத்தை அவன் திறந்திருக்கவேண்டும். கட்டம் திறந்தது. முதல் நாலைந்து நாள் அவன் அடித்து அடித்து இல்லை என்று கேட்ட அதே இரண்டு சொற்களை அடித்தான். நான் அந்த ஒற்றை வார்த்தைக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அது வரவில்லை.

"அதாவது பாருங்க" என்று ஆரம்பித்தது ஓட்டவாய்.

முழுக்கப் படித்து முடித்தது. பின்னால் ஃபேன் அடித்தது.

"இன்னொரு தடவை படிக்கச் சொல்லுடா" என்றாள் அம்மா.

அண்ணன் படிக்க வைத்தான். பிறகு என்னிடம், "மத்ததும் இருக்கு. எல்லாத்தோட இஸ்திரியையும் கலைக்கணும். நாளைக்கு உனக்கு பிரேக் எப்போ?" என்றான்.

"மத்தியானம்" என்றேன். "நீ வேலையில இருப்பியேடா எருமை."

"அனுப்பி வை. சாயங்காலம் வந்து தேடிக்கறேன்."